வடக்கே படிக்கப் போனவர் எதனால் ஒட்டுகிறார்?

1714ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பாதிரியார் சீகன்பால்கு, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். அவர் வேலை செய்தது டென்மார்க் அரசரின் ஆதரவில் நடந்த மிஷனில். சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. மலையப்பன் ஊர் திரும்பி மிஷன் வேலையைத் தொடர்ந்தார். நாகூரிலிருந்து காரைக்கால் வழியாக ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய ஊரிலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் குளிர்நாடு போய், கொஞ்ச காலம் இருந்து, திரும்பியும் வந்திருக்கிறார்.

இதற்கு எதிர்த்திசைப் பயணமும் அதே ஊரில்தான் நடந்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அறிமுகமில்லாத சின்ன ஊரில் காலூன்ற அவர் கண்ட வழி பள்ளிக்கூடம். இந்த விவரத்துக்குப் பின்னால் மீண்டும் வேலை இருக்கிறது.

இப்போது ஐரோப்பாவில் மாணவர் பரிமாற்றம் என்பது பெரிய ஏற்பாடு. எராஸ்மஸ் திட்டம் 1987இல் தொடங்கியது. பின்னாளில் அதன் கதவு ஐரோப்பாவுக்கு வெளியேயும் திறந்தது. ஸ்வீடனின் லின்னேயஸ்-பால்மே திட்டம் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் கல்லூரிகளோடு ஆசிரியர்களையும் மாணவர்களையும் மாற்றிக்கொள்ள உதவிவந்திருக்கிறது. போகிற இடம் எப்போதும் ஸ்டாக்ஹோமோ கோபன்ஹேகனோ ஆக இருப்பதில்லை. ஸ்வீடனின் ஊமேயோ, நார்வேயின் ட்ரோம்ஸோ, பின்லாந்தின் யோயென்சூ போன்ற ஊர்களாகவும் இருக்கும். நாகூரையும் சேர்த்து நாகப்பட்டினம் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. ட்ரோம்ஸோ அதைவிடச் சிறிது, எண்பதாயிரத்துக்குள் அடங்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பருவம், மிஞ்சினால் ஓர் ஆண்டு, படிக்கப் போகிறவர் எதனால் ஒட்டுகிறார், எதனால் ஒட்டாமல் திரும்புகிறார்? எழுபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதற்குப் பதில் சொல்லிவருகிறார்கள். காலம், வெளிச்சம், ஊரார் குணம், கூட்டாளிகள் என நான்கு கட்சிகளாக அந்தப் பதில்களைப் பிரிக்கலாம். ஐந்தாவது கட்சி ஒன்றும் உண்டு. ஏட்டில் அது மெலிந்துதான் இருக்கிறது. நம் கடற்கரையின் அனுபவத்தில் நன்றாகவே பதிந்திருக்கிறது.

காலமே மருந்து என்னும் கட்சி

முதல் முறையான பதில் வடக்கிலிருந்தே வந்தது என்பது வேடிக்கை. நார்வே சமூகவியலாளர் ஸ்வேரே லிஸ்கோர், ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா போய்வந்த இருநூறு நார்வேக்காரர்களைப் பேட்டி கண்டு 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாக ஒட்டியிருந்தார்கள். ஆறிலிருந்து பதினெட்டு மாதம் வரை இருந்தவர்கள் சிரமப்பட்டிருந்தார்கள். அதற்கும் மேல் தங்கியவர்கள் மறுபடி தேறியிருந்தார்கள். வரைந்து பார்த்தால் ஆங்கில ‘யூ’ எழுத்தின் வடிவம் வரும். கனடாவில் பின்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற பேச்சைப் பரப்பியதும் இதே காலத்தில்தான். 1960இல் அச்சான அவருடைய கட்டுரை, தேனிலவு, நெருக்கடி, தேறுதல், ஒட்டுதல் என்று படிப்படியாக ஒரு கதை சொல்கிறது. 1963இல் குல்லஹார்ன் தம்பதியர் ஊர் திரும்பிய பிறகும் இன்னொரு சறுக்கல் உண்டு என்று காட்டி, ‘யூ’வை ‘டபிள்யூ’ ஆக நீட்டினார்கள்.

இந்த வளைகோட்டின் கவர்ச்சி புரியக்கூடியது. அழுகிற பிள்ளைக்கு ‘சரியாகிவிடும்’ என்று சொல்ல அது ஒரு ஆதாரம். பல்கலைக்கழக வரவேற்புக் கையேடுகளை அது இன்னும் விட்டு நீங்கவில்லை. ஆனால் அடித்தளம் பலமானதல்ல. லிஸ்கோர் ஒரே ஆளை மாதாமாதம் தொடரவில்லை. வெவ்வேறு காலம் தங்கித் திரும்பிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டார். குறுகிய காலம் போனவரும் நெடுங்காலம் போனவரும் வயதிலும் வேலையிலும் ஒரே மாதிரி ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1982இல் இத்துறையின் ஆய்வுகளை மொத்தமாகப் பரிசீலித்த ஆஸ்டின் சர்ச், வளைகோட்டுக்கான ஆதரவு பலவீனமானது என்ற முடிவுக்கே வந்தார். நியூசிலாந்தில் கொலீன் வார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஜப்பானிய மாணவர்களின் சிறு குழு ஒன்றை வந்திறங்கிய நாளிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில் தேனிலவைக் காணோம். இறங்கிய உடனேதான் சிரமம் உச்சத்தில் இருந்தது. பிறகு அது குறைந்தது.

இன்னொரு விஷயம் பெரும்பாலும் கவனத்தில் படாமல் போகிறது. பரிமாற்ற மாணவரின் ஒரு பருவம் ஆறு மாதத்தை எட்டுவதில்லை. லிஸ்கோர் சொன்னதை அப்படியே நம்பினால், பள்ளத்துக்கு வருமுன்பே அவர் விமானம் ஏறியிருப்பார். வார்டு சொன்னதை நம்பினால், முதல் வாரமே பள்ளம். இரண்டில் எது சரி என்பதைப் பொறுத்து, கல்லூரி எப்போது உதவிக்கு நிற்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

வெளிச்சக் கட்சி

வடநாடுகளைப் பற்றி நம்மூரில் முதலில் கேட்கிற கேள்வி குளிரும் இருட்டும். நாகூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். மிக நீண்டது அதற்கு ஒன்றேகால் மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். ஊமேயோவில் டிசம்பர் பகல் நாலரை மணி நேரம் அளவில் முடிந்துவிடுகிறது. ட்ரோம்ஸோவில் நவம்பர் கடைசியில் அடிவானத்துக்குக் கீழே போகிற சூரியன், ஏறக்குறைய நம் பொங்கலை ஒட்டித்தான் மேலே வருகிறது. மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ இன்னும் சில நாள் ஆகும். ஜனவரி 21ஐ ‘சூரிய நாள்’ என்று கொண்டாடி, உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைப் பன்களை அன்று சாப்பிடுகிறார்கள்.

பருவகால மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசென்தாலும் சகாக்களும் மருத்துவ வழக்குக்குக் கொண்டுவந்த பிறகு, வடக்கே போகப் போக மனம் சோரும் என்பது பொதுப்புத்தி ஆகிவிட்டது. ஆனால் எண்கள் அத்தனை எளிதாக ஒத்துழைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வுகள், அங்குள்ளவர்களிடம் இந்தச் சோர்வு அமெரிக்கக் கிழக்குக் கரையில் வசிப்பவர்களைவிடக் குறைவு என்று காட்டின. அட்சரேகைதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வர வேண்டும்? கனடாவில் பிறந்து வளர்ந்த ஐஸ்லாந்து வம்சாவளியினரிடமும் சோர்வு குறைவாகவே இருந்ததால், பிறவிக்கூறு ஒன்று உண்டோ என்ற சந்தேகம் எழுந்தது. உளவியலாளர் கரி லீபோவிட்ஸ் 2020இல் வேறு விளக்கம் முன்வைத்தார்: ஓஸ்லோவைவிட ட்ரோம்ஸோவிலும், அதைவிட ஸ்வால்பார்டிலும் வசிப்பவர்கள் குளிர்காலத்தை நல்லதாகப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை மனநலத்தோடு சேர்ந்து போகிறது என்று.

பத்தாவது அட்சரேகையிலிருந்து ஜனவரியில் போய் இறங்குகிற ஒருவருக்கு இந்த இரண்டு விளக்கமும் எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகமே. அவருக்கு ஐஸ்லாந்துப் பிறவிக்கூறும் இல்லை, பனிச்சறுக்குப் பழக்கமும் இல்லை. அவருடைய இடைஞ்சல்கள் வேறு வகை. நாகூர்ப் பிள்ளை ஒருவர் ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் உதிக்காத மாதத்தில் சுபுஹு எப்போது, மறையாத மாதத்தில் மஃரிப் எப்போது? ட்ரோம்ஸோவிலுள்ள பள்ளிவாசல் மக்கா நேரத்தைப் பின்பற்றி இதைச் சமாளிக்கிறது. இருட்டைத் தாங்க இப்படி ஒரு கூட்டு முடிவு தேவைப்படுகிறது. வெளிச்சக் கட்சி தனிமனித மூளையைப் பார்க்கிற அளவுக்கு இந்தக் கூட்டு ஏற்பாடுகளைப் பார்ப்பதில்லை.

ஊரார் குணம் என்னும் கட்சி

‘அவர்கள் பழகமாட்டார்கள்’ என்பது இந்தக் கட்சியின் ஒற்றை வரி. இலக்கிய ஆதாரமாக அக்செல் சாண்டெமோஸ 1933இல் எழுதிய நாவல் எடுத்துக்காட்டப்படும். அதில் வரும் யாந்தே என்ற கற்பனை ஊருக்கு மாதிரி, அவர் பிறந்து வளர்ந்த டென்மார்க்கின் சின்ன ஊரான நிக்கோபிங் மோர்ஸ். தன்னை மற்றவரைவிட உயர்வாக நினைக்கக் கூடாது என்பதையே பத்து விதிகளாக அடுக்கும் ‘யாந்தே சட்டம்’ இன்று வடநாடு முழுவதற்கும் குணச் சான்றிதழாகிவிட்டது. சாண்டெமோஸ எழுதியது சின்ன ஊரின் மீதான கோபம். அதை நான்கைந்து நாடுகளின் தேசிய குணமாக மாற்றியது பின்வந்தவர்கள்.

இதைவிட நுட்பமாகப் பார்த்தவர் நார்வே மானிடவியலாளர் மரியன்னே குல்லெஸ்டாட். நார்வேயில் சமத்துவம் என்பது ‘ஒரே மாதிரி இருத்தல்’ என்ற உணர்வோடு பின்னிக் கிடக்கிறது, பழக வேண்டுமானால் இருவரும் தங்களை ஒத்தவர்களாக உணர வேண்டும், வேறுபாடு தெரிந்தால் சண்டை போடாமல் விலகிவிடுவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். வந்தேறிகள் விஷயத்தில் இது கண்ணுக்குத் தெரியாத வேலியாகிவிடுகிறது என்று 2002இல் எழுதினார்.

ஸ்வீடனின் அடுக்குமாடி வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் இருக்கும் பொதுத் துவைப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சுவரில் ஒரு பலகை. தேதியும் நேரமும் கட்டம் கட்டமாக இருக்கும். அவரவருக்கு உள்ள சிறு பூட்டை வேண்டிய கட்டத்தில் மாட்டிவிட்டால் அந்த நேரம் அவருடையது. நேரம் தாண்டித் துணி சுற்றினாலோ, உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சை அப்படியே விட்டுப் போனாலோ யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். மறுநாள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், பெயரில்லாமல். பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு வாசலில் நின்றே பதில் சொல்லிப் பழகிய தெருவிலிருந்து போனவருக்கு அந்தக் காகிதம் முகத்தில் அறைந்தது போல் இருக்கும். ஒட்டியவரோ எதிரே நின்று சங்கடப்படுத்தாமல் மரியாதையாக நடந்துகொண்டதாக நினைத்திருப்பார்.

இந்தக் கட்சியின் பலம் இத்தகைய கூர்ந்த கவனிப்பு. அதைக் குணமாக உறையவைப்பதில்தான் பலவீனம். பின்லாந்தில் எராஸ்மஸ் மாணவர்களை ஆராய்ந்த ஃப்ரெட் டெர்வின் தொடர்ந்து எச்சரிப்பது இதைத்தான்: எல்லாவற்றுக்கும் ‘அவர்கள் பண்பாடு அப்படி’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் எதிரே இருக்கும் மனிதரைப் பார்ப்பது நின்றுவிடும். தெருவில் பேசாத அதே ஆட்கள் சேர்ந்திசைக் குழுவிலும் மலையேற்றச் சங்கத்திலும் மாணவர் அமைப்பிலும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அங்கே நட்பு சங்கத்தின் வழியாக வருகிறது. கதவு இருக்கும் இடம் வேறு என்பதை அறியாமல் சுவரில் முட்டியவர்களின் அனுபவம், ஊராரின் குணமாகப் பதிவாகிவிடுகிறது.

கூட்டாளிகள் என்னும் கட்சி

ஹவாயில் வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ந்த ஸ்டீபன் போக்னரும் கூட்டாளிகளும் 1977இல் ஒரு எளிய படம் தந்தார்கள். வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள்: சொந்த நாட்டவர் முதல் வட்டம், அவர்களிடம் மனசைத் திறக்கலாம், உள்ளூரார் இரண்டாவது, அவர்களிடம் பாடம், மொழி, அலுவலக வேலை, பிற வெளிநாட்டவர் மூன்றாவது, அவர்களோடு பொழுதுபோக்கு. இருவரும் ஒரே இடத்தில் அந்நியர் என்பதே இந்த மூன்றாவது வட்டத்தை இறுக்குகிறது. ஐரோப்பாவின் பரிமாற்ற மாணவர்கள் உள்ளூராரைவிடத் தங்களுக்குள்ளேயே அதிகம் பழகுகிறார்கள் என்பது பல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் உளவியலாளர் ஜான் பெரி. தன் பண்பாட்டைக் காப்பது, புதிய சமூகத்தோடு கலப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒருவர் சொல்லும் பதிலைக் கொண்டு நான்கு வழிகளை அவர் வகுத்தார். இரண்டுக்கும் ஆம் என்பவர் இணைகிறார். பழையதை விட்டுப் புதியதில் கரைபவர் உண்டு. பழையதோடு ஒதுங்குபவர் உண்டு. இரண்டையும் இழந்து ஓரத்தில் நிற்பவரும் உண்டு. இணைபவரே நலமாக இருக்கிறார் என்பது இந்தப் பள்ளியின் பொதுவான முடிவு. இது ஏதோ கடையில் பொருள் தேர்ந்தெடுப்பது போல வந்தவர் கையில் முழுக்க விடப்படுவதாகத் தோன்றும். வாங்குகிறவர் விரும்பினாலும் கடை திறந்திருக்க வேண்டுமே. வரவேற்கும் சமூகத்தின் கொள்கை குறுக்கே நிற்கலாம் என்று பெரியே ஒப்புக்கொள்கிறார். அவரைப் பின்பற்றிக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் பல நேரம் அதை மறந்துவிடுகிறார்கள்.

விடுதித் தாழ்வாரத்தின் பொதுச் சமையலறையில் இந்த மூன்று வட்டங்களும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பதைக் காணலாம். குளிர்பெட்டியில் ஆளுக்கொரு தட்டு, பால் பெட்டியில் அறை எண். புளியும் வெந்தயமும் கொதிக்கிற மீன் ஆணம் அங்கே நட்பையும் கொண்டுவரும், காற்றுப்போக்கியைப் போடச் சொல்லும் காகிதத்தையும் கொண்டுவரும். இரண்டில் எது வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு எதுவும் இல்லை.

இறங்கும் இடம்: ஐந்தாவது கட்சி

மேலே கண்ட நான்கும் பெரும்பாலும் வந்தவரின் மனத்தையோ வரவேற்பவரின் மனத்தையோ பார்க்கின்றன. வந்தவர் முதல் இரவு எங்கே படுத்தார், யார் சோறு போட்டார்கள், யார் மூலமாக வேலையோ படிப்போ கிடைத்தது என்ற கேள்விகள் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன. சபர், அதாவது பிழைப்புக்காகக் கடல்கடந்து, போவதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட நாகூர் போன்ற ஊரிலிருந்து பார்த்தால் இது விசித்திரமாகப்படும். சபுராளியின் வீட்டில் அந்தக் கேள்விகள்தான் முதலில் எழுந்தவை.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒரு நாகூர் தர்கா கட்டப்பட்டது. ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் நாகூரில். சிங்கப்பூரில் இருப்பது அவர் நினைவிடம். கடலைத் தூர்க்கும் முன்பு அந்தத் தெரு கரையோரமாகவே இருந்தது. கப்பலை விட்டு இறங்கியவர் ஊருக்குள் போகுமுன் காண்பது தன் ஊரின் சாயலை. பினாங்கின் சூலியா தெருவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படி ஒன்று எழுந்தது. நகரத்தார் தங்கிய கிட்டங்கிகளும் இதே தர்க்கத்தில் எழுந்தவை: கீழே வேலை, மேலே படுக்கை, ஊர்க்காரர் சமையல். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த ‘ரஜூலா’ கப்பலிலும், 1985இல் தீப்பிடித்து நின்றுபோன ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலிலும் ஏறியவர்கள் பலருக்கு எங்கே இறங்கி யாரைப் பார்ப்பது என்பது ஏறும் முன்பே தெரிந்திருந்தது.

இப்படி ஊர்க்காரரோடு ஒண்டிக்கொள்வது கலப்பைத் தடுக்காதா என்பது நியாயமான மறுப்பு. பினாங்கின் வரலாறு அதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. தமிழ் முஸ்லிம்கள் மலாய்க் குடும்பங்களில் பெண்ணெடுத்து, ஜாவி பெரனக்கான் என்ற புதிய சமூகமே உருவாயிற்று. அந்தப் பெயரிலேயே 1876இல் சிங்கப்பூரில் ஒரு மலாய்ப் பத்திரிகையும் வெளிவந்தது. ஊர் அடையாளம் நின்ற இடத்திலேயே கலப்பும் நடந்திருக்கிறது. ஆயினும் இவர்கள் வணிகர்கள், உழைப்பாளிகள். ஒரு பருவத்தில் திரும்பும் மாணவர்கள் அல்லர். ஒப்பீட்டை அதற்குமேல் இழுக்க முடியாது.

மாணவர்களாகவே, அதுவும் வடக்கின் சின்ன ஊர்களுக்கே தமிழர்கள் போன கதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. குருநகரைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலை அங்கே கற்று, 1967இல் நார்வே உதவியோடு சீநோர் நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் உருவாக்கினார். அந்த உறவின் வழியே இளைஞர்கள் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 1983க்குப் பிறகு போர் துரத்தியதில் எண்ணிக்கை பெருகியது. டென்மார்க்கின் குருந்த்விக் என்பவருடைய சிந்தனையில் பிறந்து, 1844இல் ரோடிங்கில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட இந்தப் பள்ளிகளில் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஓராண்டு கூடவே தங்கி, கூடவே உண்டு, பாடி, மரவேலை பழகி, மொழி கற்பதுதான் படிப்பு. பல பள்ளிகள் இருந்தது சின்ன ஊர்களில். உள்ளூர்ப் பதின்ம வயதினரோடு ஒரே மேசையில் மூன்று வேளை சாப்பிட வைத்த ஏற்பாடு அது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்ததற்கு இது வெகு நெருக்கம்.

பள்ளி முடிந்த பின் பலர் வடகோடியான ஃபின்மார்க்கில், வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலை இருந்தது, கூலி இருந்தது, தமிழர் கூட்டமும் இருந்தது. அப்படியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வட நார்வே மீன்பிடி ஊர் ஒன்றில் களப்பணி செய்த மானிடவியலாளர் ஆன்னே சிக்ஃப்ரிட் க்ரோன்செத், அங்குள்ள தமிழர்கள் காரணம் பிடிபடாத உடல்வலிகளோடு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருந்ததைப் பதிவுசெய்தார். வலியை அவர் நோயாக மட்டும் படிக்கவில்லை. உறவும் சடங்கும் மதிப்பும் அறுந்த வாழ்வின் பேச்சாகப் படித்தார். அவருடைய நூல் 2010இல் வெளிவந்தது. காலப்போக்கில் அந்த ஊர்களிலிருந்து பெரும்பகுதியினர் ஓஸ்லோவுக்கு நகர்ந்தார்கள், தமிழ்ப் பள்ளியும் கோயிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே என்பதால்.

ஐந்தாவது கட்சியின் எல்லையையும் இது காட்டிவிடுகிறது. கூரையும் வேலையும் ஒருவரை நிற்கவைக்கும்; வேரூன்ற அது போதவில்லை. ஆனால் அகதியாகப் போய் வாழ்நாளைக் கழிப்பவருக்கு வேண்டியதும், ஐந்து மாதத்தில் திரும்புகிற மாணவருக்கு வேண்டியதும் ஒன்றல்ல. மாணவருக்கு நிற்க ஓர் இடம் போதுமாக இருக்கலாம்.

வடநாட்டார் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே இதைத்தான் செய்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்வீடனின் பழைய பல்கலைக்கழக ஊர்களான உப்சாலாவிலும் லுண்டிலும் பதினேழாம் நூற்றாண்டு முதல் ‘நேஷன்’ என்ற மாணவர் சங்கங்கள் உண்டு. பெயரெல்லாம் மாகாணப் பெயர்கள்: ஸ்மோலண்ட், ஓஸ்டர்கோட்லண்ட், வெர்ம்லண்ட். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன் தன் மாகாணத்துச் சங்கத்தில் சேர்ந்தான். அங்கே சாப்பாடு, அறை, உதவித்தொகை, ஊர்ப் பேச்சு. உப்சாலாவில் 2010 வரை உறுப்பினராவது கட்டாயமாகவே இருந்தது. தெலுக் ஆயர் தெருவின் தர்காவுக்கும் லுண்டின் ஸ்மோலண்ட்ஸ் நேஷனுக்கும் இடையில் மதம், தொழில், மொழி எல்லாம் வேறு. புதியவரை ஊர்ப் பெயரால் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றே. பிற்பாடு புதிதாய் எழுந்த ஊமேயோ (1965), ட்ரோம்ஸோ (1968) போன்ற பல்கலைக்கழகங்களில் இந்த மரபு அதே பலத்தோடு வேர்விடவில்லை. சின்ன ஊரில் ஒட்டாததற்கு ஊரின் அளவைவிட இது பெரிய காரணமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

பணமும் அறையும்

பொருளாதாரம் பற்றி நீட்டத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து சொந்தமாக வருபவர்களுக்கு டென்மார்க் 2006இலும், ஸ்வீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் கட்டணம் விதித்தன. ஸ்வீடனில் அவ்வகை மாணவர் வரவு அந்த ஆண்டே சரிந்தது. பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் விடுதி அறையும் ஒதுக்கிவைக்கப்படுகிறது. ஒட்டுதல் பற்றிய கேள்வித்தாள்கள் இந்த இருவரையும் ‘சர்வதேச மாணவர்’ என்ற ஒரே பெட்டியில் அடைப்பது முடிவுகளைக் குழப்புகிறது. அறை கிடைத்தவரின் நிம்மதியும் அறை தேடுபவரின் தவிப்பும் ஒரே சராசரியில் கரைந்துபோகின்றன.

தீர்ந்ததும் தீராததும்

வளைகோடு கேட்க இதமாக இருந்தாலும் நம்பி நடக்கத் தக்கதாக இல்லை. இருட்டு உண்மைதான், அதன் தாக்கம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுகிறது. ஊரார் குணம் பற்றிய பேச்சில் குல்லெஸ்டாடின் கவனிப்பை வைத்துக்கொண்டு மற்றதில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். நட்பு வட்டங்கள் பற்றிய கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாக்குப்பிடித்திருக்கிறது. இறங்கும் இடம் பற்றிய வாதத்துக்கு வரலாற்றுச் சான்று அதிகம், அளந்து பார்த்த சான்று குறைவு. இந்தக் கட்டுரை அதன் பக்கம் சாய்ந்தாலும் இந்தக் குறையை மறைக்க முடியாது.

தீராத கேள்விகள் மூன்று. தினமும் வீட்டாரோடு வீடியோவில் பேசுவது தாங்குகோலா, தளையா? ‘ரஜூலா’வில் போனவர் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார், இப்போது உம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை சமைக்கிறது. பழைய கோட்பாடுகள் எல்லாம் அந்தக் காத்திருப்புக் காலத்தில் பிறந்தவை. இரண்டாவது, சின்ன ஊர் என்பது தனியான காரணியா? ஒரே கடைக்காரரை வாரம் மூன்று முறை பார்க்க நேர்வது பழக்கத்தை வளர்க்கும்; தன் மொழிக்காரர் ஒருவரும் இல்லாதது தனிமையை வளர்க்கும். எது வெல்லும் என்பதற்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. மூன்றாவது, பெருநகரம் பார்த்தறியாத டெல்டா ஊரிலிருந்து நேரே வடக்கின் சின்ன ஊருக்குப் போகிறவர், சென்னை வழியாகப் போகிறவரைவிடத் திணறுவாரா? சின்ன ஊரின் கண்காணிப்பும் வதந்தியும் தெரிந்தவர் என்பதால் குறைவாகவே திணறுவார் என்றும் வாதிடலாம்.

அதுவரை கல்லூரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவரை அனுப்பும் நம் பக்கத்துக் கல்லூரிகள் பயணத்துக்கு முன் நடத்தும் பண்பாட்டு வகுப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு கோப்பு தயாரிக்கலாம்: அறை எங்கே, சாவி யாரிடம், அரிசி எந்தக் கடையில், தொழுகைக்கோ கோயிலுக்கோ எங்கே போவது, முதல் வாரமே சேரக்கூடிய சங்கங்கள் எவை, போன ஆண்டு போய்வந்தவர் யார். திரும்பி வருகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு பக்கம் சேர்த்துவிட்டுப் போகட்டும்.